கடைமடைக்குக் கீழே ஓர் ஊர்

மேல்மடைக்காரர்களைத் திட்டுவதில் எங்கள் வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். கீழ்வேளூர்ப் பக்கம், காவிரி கிளைத்துக் கிளைத்து வாய்க்காலாகச் சுருங்கி, கடலுக்குச் சற்று முன்னால் மூச்சு வாங்கி நிற்கிற இடத்தில் என் ஊர். மேட்டூரில் அணை திறந்தால், தண்ணீர் எங்களிடம் வருவதற்குள் அந்தச் செய்தி வந்த பேப்பரில் பஜ்ஜி கட்டிக் கொடுத்திருப்பார்கள். வழியில் இருக்கிற ஊரெல்லாம் தன் வயலுக்குக் கட்டிக்கொண்டது போக மிச்சம்தான் எங்களுக்கு. அந்த மிச்சத்துக்காக நான் சாலையில் உட்கார்ந்திருக்கிறேன், வேனில் ஏற்றப்பட்டிருக்கிறேன், கல்யாண மண்டபத்தில் அடைக்கப்பட்டு எலுமிச்சம் சோறு சாப்பிட்டிருக்கிறேன். இவற்றுக்கெல்லாம் மேலாக, மனு எழுதியிருக்கிறேன்.

என் மனு பிரசித்தமானது. ஒவ்வொரு வருடமும் புதிதாக எழுத அலுத்துப்போய், ஒரு நல்ல நாளில் அதை ஒரே மாதிரியாக அடித்து, கீழ்வேளூரில் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன். "கடைமடை விவசாயிகளாகிய நாங்கள் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில்" என்று தொடங்கும். நடுவில், "எங்களுக்கு மேலே உள்ள" என்று எழுதி ஒரு கோடு போட்ட இடம். "கிராமத்தார் தண்ணீரைத் தங்கள் மதகிலேயே அடைத்து வைத்துக்கொண்டு, கேட்டால் மேலிடத்து உத்தரவு என்றும், நாளைக்குத் திறப்போம் என்றும் மனச்சாட்சியின்றிச் சொல்கிறார்கள்" என்று தொடரும். கோடு போட்ட இடத்தில் அந்த வருடத்து எதிரியின் ஊரை எழுதிக்கொள்ள வேண்டியதுதான். 'மனச்சாட்சியின்றி' என்ற சொல்லைச் சேர்த்த அன்று எனக்கே என்மேல் மதிப்பு கூடியது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து பிரதி வாங்கிப் போவார்கள்.

இந்தத் திறமைக்குத்தான் பாசனதாரர் சங்கத்துக்கு என்னைத் தலைவராக்கினார்கள். தலைவரானதும் நான் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கியது ஒரு புது மதகு. பழைய மதகின் பலகைகள் ஓட்டையாகி, அடைத்தாலும் திறந்தாலும் ஒரே மாதிரிதான் ஓடும். புதிதாக வந்தது இரும்பு ஷட்டர், பச்சை பெயிண்ட், தூக்கி இறக்க மோட்டார். மோட்டார் வந்தது, கரண்டு கனெக்‌ஷன் வரவில்லை. சங்கத்து ஆட்களோடு நான் ஒருமுறை மேட்டூர் போய்ப் பார்த்திருக்கிறேன். அணையை விட்டு இறங்கும்போதே தண்ணீரை மின்நிலையத்துக்குள் விட்டு, சக்கரத்தைச் சுற்ற வைத்து, கரண்டு எடுத்துக்கொண்டுதான் வெளியே அனுப்புகிறார்கள். இத்தனை ஊருக்கு விளக்கும் ஃபேனும் போட்டுவிட்டு வருகிற காவிரிக்கு, எங்கள் மதகைத் தூக்க ஒரு லைன் கிடைக்கவில்லை. அதனால் இரும்புக் கைப்பிடி ஒன்று கொடுத்தார்கள். அதைத் திருகுதண்டில் மாட்டி, கையால் சுற்ற வேண்டும். அது இல்லாமல் மதகை யாராலும் அசைக்க முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதகின் பக்கத்தில் ஒரு கல்வெட்டும் நட்டாயிற்று. திறந்து வைக்கப்போகிற பிரமுகரின் பெயர் பெரிய எழுத்தில். ஐந்தாவது வரியில், சின்ன எழுத்தில், என் பெயர். துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். காற்றில் துணி விலகுகிறதா என்று பார்க்கிற சாக்கில் தினமும் ஒருமுறை விலக்கிப் பார்ப்பேன்.

அந்த மதகுக்குக் கீழே, அதே வாய்க்காலின் கடைசியில், என் தங்கையைக் கட்டிக் கொடுத்த ஊர். அதற்கப்பால் உப்பளமும் கடலும்தான். மச்சான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தையும் தங்கைதான் தனியாகப் பார்த்தாள். இரண்டு வருடம் தண்ணீர் சரியாக வராமல் விளைச்சல் போனதில் மச்சானுக்கு வெறுத்துவிட்டது. இறால் பண்ணைக்குக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றார். இறாலுக்கு விட்டால் உப்புத் தண்ணீர் தேக்குவார்கள். அப்புறம் அந்த மண்ணில் நெல்லை மறந்துவிட வேண்டியதுதான். தங்கை அவரிடம் ஒரு வருடம் அவகாசம் கேட்டாள். "இந்த ஒரு சம்பா. இதுலயும் வரலேன்னா உங்க இஷ்டம்" என்று அவரிடம் போனில் சொன்னது, என் வீட்டில் உட்கார்ந்துதான்.

அந்த வருடம் அணை தாமதமாகத் திறந்தது. நாற்று விட்டு நடவு நட நேரமில்லை என்று எல்லோரும் புழுதியிலேயே நேரடியாக விதைத்துவிட்டோம். ஆவணியில் பெய்த இரண்டு மழையில் எல்லா வயலும் முளைத்துப் பச்சை கட்டியது. பிறகு மழை நின்றது. புரட்டாசி வெயில், சித்திரையிடம் கடன் வாங்கி வந்தது போலக் காய்ந்தது. ஒரு சாண் பயிர் தண்ணீருக்கு வாய் பிளந்து நிற்க, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் எந்த ஊர் தாண்டியது என்று பிரசவ வார்டு செய்தி மாதிரி வந்துகொண்டிருந்தது. முறைவைத்து விடுவார்கள்: எங்கள் வாய்க்காலுக்கு ஆறு நாள், பிறகு பக்கத்து வாய்க்காலுக்கு ஆறு நாள். ஆறு நாளில் வாங்கினால்தான் உண்டு.

முறையின் முதல் நாள் மத்தியானம் தண்ணீர் மதகுக்கு வந்தது. செத்தை, நுரை, ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. எனக்குக் கண் கலங்கியது, அது பொய்யில்லை. மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர், என் வயசுக்காரர், சைக்கிளை நிறுத்திவிட்டுக் கைப்பிடி கேட்டார். கைப்பிடி என் வீட்டுப் பூஜை அறையில் இருந்தது. சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் துணியில் சுற்றி, சாமி படங்களுக்குக் கீழே வைத்திருந்தேன். பிரமுகர் கையில் எடுத்துக் கொடுக்கும்போது பார்க்க லட்சணமாக இருக்க வேண்டுமே.

"இப்ப திறக்க முடியாது. திறப்பு விழா இருக்கு" என்றேன்.

"தேதி சொல்லிட்டாங்களா தலைவரே?"

"நாளைக்கு வந்துருவாரு."

உண்மையில் பிரமுகரின் உதவியாளர் போனில் சொன்னது, "பாக்கலாங்க" என்பதுதான். நம் ஊரில் அதற்கு இல்லை என்று அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஆனால் கல்வெட்டில் பெயர் வந்துவிட்டவனுக்கு எல்லாச் சொல்லும் ஆமாம் என்றுதான் கேட்கும்.

லஸ்கர் ஒரு யோசனை சொன்னார். "இப்ப தூக்கி விட்டுருவோம். அவரு கார் வர்ற நேரம் இறக்கிட்டு, அவரு கையால திருப்பி ஏத்திக்கிட்டாப் போச்சு. யாருக்குத் தெரியப் போவுது?"

உலகத்திலேயே புத்திசாலித்தனமான யோசனை அது. நான் கோபப்பட்டேன். திறந்த மதகைத் திறந்து வைப்பது பித்தலாட்டம் இல்லையா, காவிரித் தாய்க்குச் செய்கிற துரோகம் இல்லையா என்று கேட்டேன். பிறந்ததிலிருந்து அன்றைக்கு ஒருநாள்தான் எனக்கு உண்மைமேல் அத்தனை பற்று வந்தது. அதோடு, தண்ணீர் தேங்கி நின்று, திறந்ததும் பாய்ந்து வந்தால்தான் போட்டோவில் எடுப்பாக இருக்கும். இந்தக் காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. அவர் சைக்கிளைத் திருப்பும்போது, "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணுமே" என்று பொதுவாக வாய்க்காலைப் பார்த்துச் சொன்னார். யாரைச் சொல்கிறார் என்று நான் யோசிக்கவில்லை.

மதகு மூடியிருந்ததில் ஒரு வசதியும் இருந்தது. தேங்கிய தண்ணீர் பின்னால் ஏறி, எங்கள் ஊர்க் கிளை வாய்க்கால் எல்லாவற்றிலும் புகுந்தது. எந்த வருடமும் ஏறாத என் மேட்டு வயலுக்குக்கூட ஏறியது. குளம் நிரம்பியது. என் பயிர் ஒரே நாளில் கறுத்துத் தழைத்தது. ஊரில் யாரும் மதகைத் திற என்று சொல்லவில்லை. "விழா நல்லபடியா நடக்கட்டும் தலைவரே" என்று எல்லோரும் ஆதரவு கொடுத்தார்கள். எவ்வளவு பொறுமையான ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் பந்தல் போட்டாயிற்று. நாகப்பட்டினத்திலிருந்து இரண்டு கூடை பூ வந்தது. தண்ணீரில் தூவ ரோஜா இதழும் சாமந்தியும், கூடவே ஒரு மரக்கால் நெல்லும். பிரமுகருக்கு ஒரு துக்க வீடு என்று செய்தி வந்தது. மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. நல்ல காரியம் வேண்டாம் என்றார்கள். தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, தண்ணி உங்க மதகுக்கு வந்துருச்சாமே?"

"வந்துருச்சும்மா."

"இங்க ஒரு சொட்டு காணோம். பயிர் சுருண்டுகிட்டு வருது. காலையில பாத்தா கொஞ்சம் நிமிருது, பத்து மணிக்கெல்லாம் படுத்துடுது."

"நாளைக்குத் திறந்துருவோம்மா. மேலேருந்து சொல்லணும்ல."

"சரிண்ணே" என்று வைத்துவிட்டாள். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. அதே வார்த்தைகளை எத்தனை மேல்மடை ஊரில் எத்தனை வருடம் நின்று கேட்டிருக்கிறேன்! கேட்டபோது காது எரிந்தது. சொன்னபோது வாய் இனித்தது.

நான்காம் நாள் உதவியாளர் போனை எடுக்கவில்லை. பூக்கூடைகளுக்குத் தண்ணீர் தெளித்து ஈரத் துணி போட்டு வைத்தேன். ஆமாம், பூவுக்குத் தண்ணீர் தெளித்தேன். மூன்று மைல் கீழே நெல்லுக்கு இல்லாத தண்ணீரை. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "அவ போன் பண்ணாளா?" என்று மட்டும் கேட்டாள். பண்ணவில்லை என்றேன். "பண்ண மாட்டா" என்று உள்ளே போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் காலை தங்கையே வந்தாள். தன் மொபெட்டில், வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு. நான் மதகடியில் பந்தலுக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். லஸ்கரும் கட்டைச் சுவரில் இருந்தார். வாம்மா என்றேன். அவள் முதலில் வாய்க்காலைப் பார்த்தாள். மதகுக்கு இந்தப் பக்கம் கரை தொட்டு நின்ற தண்ணீர். அந்தப் பக்கம் வெடித்த சேறு, அதில் ஒரு நண்டு வளை. அழுவாள், இல்லை திட்டுவாள் என்று எதிர்பார்த்து, இரண்டுக்கும் பதில் தயார் செய்தேன். அவள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"என்னம்மா இது?"

"மனு."

"யாருக்கு?"

"தலைவருக்கு."

வாங்கிப் பிரித்தேன். ஜெராக்ஸ். ஓரம் கறுத்து, எழுத்து தேய்ந்து, யாரோ எடுத்த பிரதியின் பிரதி. கடைமடை விவசாயிகளாகிய நாங்கள் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில். அந்தக் கோடு போட்ட இடத்தில், தங்கையின் குண்டு கையெழுத்தில், நீலப் பேனாவில், எங்கள் ஊர்ப் பெயர். அவள் பிறந்த ஊர்ப் பெயர். கீழே பதினொரு பேர் கையெழுத்தும் இரண்டு கைநாட்டும் இருந்தன. தண்ணீரைத் தங்கள் மதகிலேயே அடைத்து வைத்துக்கொண்டு. மேலிடத்து உத்தரவு என்றும். நாளைக்குத் திறப்போம் என்றும். மனச்சாட்சியின்றி.

என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே நன்றாக எழுதியது அதுதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஒரு சொல்கூட வீணில்லை. ஒவ்வொன்றும் வந்து மேலே விழுந்தது. வெட்கமாக இருந்தது. அந்தத் துணி மூடிய கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது.

"வாங்கிக்கிட்டதுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்று இன்னொரு பிரதியை நீட்டினாள். எப்போதும் இரண்டு பிரதி எடுத்துப் போக வேண்டும், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்காமல் வரக்கூடாது என்று ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். போட்டேன். அவள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். சாப்பிட்டுப் போ என்று சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். பூஜை அறையில் மஞ்சள் துணியைப் பிரித்துக் கைப்பிடியை எடுத்து வந்தேன். சந்தனம் காய்ந்து, லஸ்கர் சுற்றச் சுற்ற அவர் உள்ளங்கையில் பொடியாக உதிர்ந்தது. தண்ணீர் நான் ஆசைப்பட்ட மாதிரியே பாய்ந்து போனது. போட்டோ எடுக்க யாருமில்லை.

ஆனால் ஐந்து நாளாகக் காய்ந்த வாய்க்கால், முதலில் தன் தாகத்தைத்தான் தீர்த்துக்கொள்ளும். வெடிப்பெல்லாம் குடித்து, பள்ளமெல்லாம் நிரப்பி, தங்கை வயலுக்குத் தண்ணீர் எட்டியபோது ஆறாம் நாள் மத்தியானம் ஆகிவிட்டது. சாயங்காலம் முறை முடிந்து தண்ணீரைப் பக்கத்து வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டார்கள். தாழ்வாக இருந்த இரண்டு மா நனைந்தது. மேட்டில் இருந்த நான்கு மா நனையவில்லை. அடுத்த முறை வருவதற்குள் அது வைக்கோல் நிறத்துக்குப் போய்விட்டது.

எட்டாம் நாள் பிரமுகர் வந்தார். வாய்க்காலில் முழங்கால் அளவு சேறு. லஸ்கர் மதகை இறக்கினார்; பிரமுகர் ஏற்றினார்; பழுப்பேறிப்போன ரோஜா இதழ்களை எல்லோரும் சேற்றில் தூவினோம். நெல்லையும் தூவினோம், கொக்குகள் வந்தன. பிரமுகர் நல்ல மனிதர். நடந்ததைக் கேட்டுவிட்டு என் தோளில் கை வைத்து, "தண்ணி வந்தா திறந்து விட வேண்டியதுதானங்க? எனக்காகவா வச்சிருந்தீங்க?" என்றார். கல்வெட்டின் துணியை எடுத்தார்கள். ஐந்தாவது வரியைப் படிக்க எனக்கு ஆர்வம் இல்லை.

ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. எல்லா மதகையும் திற, தண்ணீரை வடிய விடு என்று நானே ஓடினேன். தங்கைக்கு, என் வயலில் நெருக்கமாக முளைத்திருந்த பயிரைப் பறித்து நடுவதற்கு அனுப்புகிறேன் என்று ஆள் விட்டேன். வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள்.

பொங்கலுக்குச் சீர் கொண்டுபோனேன். முன்னால் அறுத்த வயலின் நெல்லை அரைத்து, புது அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு. அந்த வருடம் என் மேட்டு வயல்கூட விளைந்திருந்தது. அவள் வீட்டை நெருங்கும்போதே பொக்லைன் சத்தம் கேட்டது. மச்சான் லீவில் வந்திருந்தார். நான்கு மாவையும் இறாலுக்குக் குத்தகை எழுதிக் கொடுத்தாயிற்று, குளம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவளும் நானும் சின்ன வயதில் எங்கள் ஊரில் ஓடித் திரிந்த வரப்பு மாதிரியேதான் அந்த வரப்பும் இருந்தது. பொக்லைன் ஒரு வாரலில் அதை எடுத்துக் கரையில் போட்டது.

தங்கை சீரை வாங்கிக்கொண்டாள். காப்பி கொடுத்தாள். பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசினோம். கிளம்பும்போது பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"இன்னும் கோவமாம்மா?"

"அண்ணன்கிட்ட எனக்கென்ன கோவம்?" என்றாள். "சீரு அண்ணன் கொண்டாந்தது, வாங்கிக்கிட்டேன். மனு தலைவருக்குக் குடுத்தது. அதுக்கு இன்னும் பதில் வரல."

வீட்டுக்கு வந்து பதில் எழுத உட்கார்ந்தேன். மனு எழுதியே பழகிய கை. பதில் எழுதத் தெரியவில்லை. தங்கள் மனு பெறப்பட்டு உரிய பரிசீலனையில் உள்ளது என்று எழுதினேன். எனக்கு வந்த பதில்கள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. கிழித்தேன். தவிர்க்க முடியாத நிர்வாகக் காரணங்களால் என்று எழுதிக் கிழித்தேன். பொழுது சாயும்போது மூன்று வரி நின்றது. "தங்கள் மனுவில் கண்டவை உண்மை. தண்ணீரை அடைத்து வைத்தது நான்தான். யாரும் உத்தரவிடவில்லை." கையெழுத்துப் போட்ட பிறகு, கீழே வழக்கமான இடத்தில் எழுதினேன்: "இணைப்பு: மதகுக் கைப்பிடி, ஒன்று."

சங்கத்தில் எதிர்த்தார்கள். நம் மதகின் கைப்பிடி கீழூரில் இருப்பதா என்றார்கள். லஸ்கர், "எனக்குத்தான் மூணு மைல் கூடுதல் மிதி. மிதிச்சிட்டுப் போறேன்" என்றதும் அடங்கினார்கள்.

மறுநாள் காலை கைப்பிடியைக் கழுவித் துடைத்து, பழைய மஞ்சள் துணியிலேயே சுற்றி எடுத்துப் போனேன். தங்கை பதிலை நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். மடித்து, அந்தப் பழைய மனுவோடு சேர்த்து வைத்தாள். பிறகு கைப்பிடியை வாங்கி, துணியைப் பிரித்து, துணியை மட்டும் என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். கைப்பிடியை வீட்டுக்குள் கொண்டுபோகாமல், வாசல் கதவுக்குப் பக்கத்தில், அரிவாள் மாட்டுகிற ஆணியில் மாட்டினாள்.

"சாமி ரூம்ல வைக்கலாமேம்மா" என்றேன், பழக்கதோஷத்தில்.

"வேணாண்ணே. அங்க வச்சா, அவசரத்துக்கு எடுக்க மனசு வராது."